தணிகாசலம் எழுதிய ஏழு நாள் வெயில்

தணிகாசலம் இறந்த செய்தி எனக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டராக வந்தது. எங்கள் வேதியியல் துறையில் அட்டெண்டராக இருந்து ஓய்வுபெற்ற பெருமாள், காலை ஆறரை மணிக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கண்ணாடி போடாமல் பார்த்ததில் யாருடைய படம் என்றே தெரியவில்லை. தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால் கழுத்தில் சால்வையோடு தணிகாசலம். படத்துக்குக் கீழே மூன்று வரிகள். முதல் வரியில் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் என்று போட்டிருந்தது. இரண்டாவது வரியில் ரிஷிவந்தியம் பக்கத்து அவருடைய ஊர்ப்பெயர். மூன்றாவது வரியை நான் நாலைந்து முறை படித்தேன். 'இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ஏழு நாளும் சாலையில் நின்ற எங்கள் மண்ணின் மைந்தர்' என்று இருந்தது.

கூட வேலை பார்த்தவர் செத்துப்போனார் என்றால் முதலில் அழுகை வரவேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஏழு நாளும் அவர் எங்கள் கல்லூரி மொட்டை மாடியில், ஒரு கண்ணாடிக் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கு ஒருமுறை வாயு அளந்துகொண்டிருந்தார் என்றுதான் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை, அதற்கு முதல்வர் அறையில் போய்ச் சாட்சி சொன்னேன். அந்த நம்பிக்கையில்தான் என் டாக்டர் பட்டமும் போனது.

பதினாறாம் நாள் படத்திறப்புக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். சாவு வீட்டில் அவர் மனைவி கஸ்தூரி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்க மேடம், அவரப் பத்தி உங்களுக்குத் தெரியாததா" என்றார். மாட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இதில் நல்லதும் இருக்கிறது. ஆனால் நாலு வார்த்தையோடு நிற்காது. பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

நல்லதிலிருந்தே தொடங்குகிறேன். எண்பதுகளில் நாங்கள் இரண்டு பேரும் கள்ளக்குறிச்சியில் ஒரே கல்லூரியில் விரிவுரையாளர்கள். எனக்கு அவரைவிட இரண்டு வயது கம்மி. நான் அதே ஊரில் கருணாபுரத்துக்காரி. என் அப்பா மண்டியில் மூட்டை தூக்கியவர். எங்கள் தெருவில் முதலில் கல்லூரிக்குப் போனது நான், கல்லூரியில் பாடம் நடத்தப் போனதும் நான். டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். தண்ணீருக்குள் ஹைட்ரஜன் இருக்கிறது, அது எரிந்தால் புகை வராது, மிஞ்சுவது மறுபடியும் தண்ணீர்தான். அதை வெயிலை வைத்தே தண்ணீரிலிருந்து பிரிக்கிற சில பொடிகள் இருக்கின்றன, ஒளிவினையூக்கி என்று பெயர். ஆனால் அந்தப் பொடிகளின் மேல் பிளாட்டினம் ஏற்றினால்தான் நன்றாக வேலை செய்யும் என்று படித்த கட்டுரைகள் எல்லாம் சொல்லின. எங்கள் கல்லூரியில் பிளாட்டினம் என்றால் ஒரே ஒரு கம்பி, அதுவும் துறைத் தலைவரின் பீரோவில் பூட்டியிருக்கும்.

தணிகாசலம் அந்தக் கட்டுரைகளில் ஒன்றைப் படித்துவிட்டு என் மேஜையில் போட்டார். "பிளாட்டினம் இல்லாத ஊர்லயும் வெயிலு அடிக்குதில்ல மேடம்? நம்மூர்க் கடையில கெடைக்கிற சாமான்ல ஆவணும். இல்லன்னா இது யாருக்கு?" என்றார். அந்த வார்த்தைதான் என் ஆராய்ச்சிக்குத் தலைப்பைக் கொடுத்தது. அதை நான் இன்றைக்கும் மறைக்க மாட்டேன். விலை குறைந்த உலோகத்தை ஏற்றிய பொடி என்று மூன்று வருஷம் நாங்கள் அலைந்ததெல்லாம் அந்த ஒரு பேச்சின் மேல்தான்.

வெள்ளைப் பொடியைப் பெயிண்ட் கடையில் வாங்கினோம். சுண்ணாம்போடு கலக்க விற்கிற டைட்டானியம் டைஆக்சைடுதான் அது. செம்புக்குப் பழைய மின்சார ஒயரை உரித்து அமிலத்தில் கரைத்தோம். நிக்கல் உப்பு மாணவர்களின் உப்பு ஆய்வு அலமாரியில் இருந்தது. பொடிக்குத் துணையாகத் தண்ணீரில் கலக்கிற சர்க்கரைக்கு மருந்துக் கடைக் குளுக்கோஸ் பாக்கெட். அரைக்கிறது மட்டும் தணிகாசலம்தான். யார் கையிலும் கல்வத்தைக் கொடுக்க மாட்டார். மாலை வகுப்பு முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அரைப்பார். விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்து நெருநெருவென்றால் மறுபடியும் அரைப்பார். அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

எங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். குறிப்பேட்டில் ஒவ்வொரு அளவுக்கும் எதிரே இரண்டு கட்டம் போட்டிருப்போம். ஒன்று 'எடுத்தவர்', இன்னொன்று 'பார்த்தவர்'. ஒருவர் அளவைப் படித்துச் சொல்ல, மற்றவர் குனிந்து தன் கண்ணால் பார்த்த பிறகுதான் இனிஷியல் போடவேண்டும். ஏற்பாடு அவருடையதுதான். "நம்ம கண்ணு நமக்கு வேண்டியதத்தான் பாக்கும் மேடம், அதுக்கு இன்னொரு கண்ணு வேணும்" என்பார். சொன்னவர் அவர். இதைப் படிப்பவர்கள் மறந்துவிட வேண்டாம்.

முதல் குமிழி வந்த நாள் இரண்டு பேரும் மாடியில் இருந்தோம். வெயில் பட்டதும் வெளிர்ப்பச்சையாக இருந்த பொடி கருத்துக்கொண்டே வந்தது. சோதனை கெட்டுப்போயிற்று என்று நான் நினைத்தேன். அப்போது குழாயின் ஓரத்திலிருந்து கடுகைவிடச் சின்னதாக ஒரு குமிழி கிளம்பி மேலே போயிற்று. அப்புறம் ஒன்று. சாயங்காலம் சேர்ந்த வாயுவைச் சோதனைக் குழாயில் பிடித்து, பெருமாள் தீக்குச்சி கொளுத்த, 'பொப்' என்று ஹைட்ரஜனுக்கே உரிய சத்தம் கேட்டது. தணிகாசலம் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை பட்டுவிட்டது என்றார். ஹைட்ரஜனில் ஏதுங்க புகை என்று நான் கேட்டேன். அன்றைய பக்கத்தில் எடுத்தவர் கட்டத்தில் 'த' என்றும் பார்த்தவர் கட்டத்தில் 'ஜெ' என்றும் இருக்கிறது. நான் ஜெயக்கொடி.

அடுத்தது, பொடி எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கவேண்டும். மலிவுப் பொடி ஒரு நாள் வேலை செய்து என்ன பயன்? ஏழு நாள் தொடர்ந்து வெயிலில் வைத்து, காலையிலிருந்து மாலைவரை மணிக்கொரு அளவு எடுக்கத் திட்டம் போட்டோம். அந்த நேரம் பார்த்து எனக்குக் கல்வராயன் மலையில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் வந்தது. மாணவிகளைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் வெள்ளிமலைக்குப் போகவேண்டும். தள்ளிவைக்கலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. என் ரூம் கல்லூரிக்குப் பக்கத்தில்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்வாருங்கள் என்றார். நான் போனேன்.

மலைக்குப் போன இரண்டாம் நாள் கீழே சாலை மறியல் தொடங்கிவிட்டது. அந்த வருஷங்களை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தணிகாசலத்தின் சமூகத்தார் தங்கள் மக்களுக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டம் பூராவும் மரத்தை வெட்டிச் சாலையில் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. உயிர் போனவர்களும் உண்டு. எங்களுக்கு அரிசி தீர்ந்துபோய், மலைக்காரர்கள்தான் தங்கள் வீட்டுச் சாமைச் சோற்றைப் பங்குபோட்டுக் கொடுத்தார்கள். முகாம் சமையலுக்கு உதவ வந்த பொன்னி என்கிற அம்மாள், "கீழ ரோடு இல்லன்னா இன்னா, மேல சோறு இருக்குது, சாப்டுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். மாணவிகள் வீட்டை நினைத்து அழுதார்கள். நான் குழாயை நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழாய் வைத்த நான்காம் நாள் மலை விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. ஒரே கறுப்பு மேகம். காலை பத்து மணிக்குப் பிடித்த மழை பொழுது சாய்கிறவரை விடவில்லை. இன்றைக்கு அளவு விழுந்துவிடும், பரவாயில்லை, மழை நாளில் எவ்வளவு விழுகிறது என்பதும் ஒரு செய்திதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாலை திறந்து நான் இறங்கி வந்தபோது தணிகாசலம் குறிப்பேட்டைத் தயாராக வைத்திருந்தார். ஏழு நாள், ஒரு மணி விடாமல், அவருடைய அழகான கையெழுத்தில். ஏழு நாளும் அளவு குறையவே இல்லை. நான்காம் நாளும் குறையவில்லை. அன்றைக்கு இங்கே மழையாயிற்றே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மழ பேஞ்சுது மேடம். ஆனா வெளிச்சம் இருந்துது" என்றார்.

குழாய் புதிதாக இருப்பதையும் கவனித்தேன். பழையதில் விரிசல் மாதிரி இருந்தது, மாற்றிவிட்டேன் என்றார். சரி என்றேன். பிறகு குறிப்பேட்டை என் பக்கம் நகர்த்தி, பார்த்தவர் கட்டம் காலியாக இருக்கிறது, ஒரு இனிஷியல் போட்டுவிடுங்கள், பைண்டிங்குக்குப் போகும்போது அசிங்கமாக இருக்கும் என்றார். நான் மலையில் இருந்தேனே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "என் கண்ணும் உங்க கண்ணும் வேற வேறயா மேடம்?" என்று கேட்டார். ஏழு நாளுக்கும் வரிசையாக 'ஜெ', 'ஜெ' என்று போட்டேன். யாரும் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. என் தப்பு அது. தப்பை நான் ஒத்துக்கொள்கிறேன், அதனால்தான் அடுத்தவர் தப்பையும் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

பத்துப் பதினைந்து நாளில், தணிகாசலம் மறியலில் நின்றார் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர், நிரூபணமானால் சஸ்பெண்ட். முதல்வர் அறையில் விசாரணை வைத்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். மணிக்கொருமுறை மாடியில் அளவு எடுத்திருக்கிற மனுஷன் எப்படிங்க சார் ரோட்டில் நின்றிருக்க முடியும் என்று கேட்டேன். விசாரிக்க வந்த அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். நேரம், அளவு, கையெழுத்து, எதிரே என் இனிஷியல். அதோடு விசாரணை முடிந்தது. வெளியே வராந்தாவில் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. மொட்டைக் கடிதத்துக்கு இவ்வளவு பயப்படுவாரா என்று எனக்குப் பாவமாக இருந்தது. டீ சாப்பிடலாம் வாங்க என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த நான்காம் நாள் அளவை வைத்துக்கொண்டு நான் ஆறு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மழையிலும் குறையாத பொடி! அப்படியென்றால் மேகத்துக்குள்ளிருந்து வருகிற மங்கல் வெளிச்சமே இதற்குப் போதும். செம்பும் நிக்கலும் சேர்ந்ததால் இது நடக்கிறது என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்து, ஆய்வேட்டில் முழு அத்தியாயமாக எழுதினேன். தணிகாசலம் அந்த அத்தியாயத்தைப் படித்துப் பார்த்துக் கமா திருத்திக் கொடுத்தார். ஆமாம், கமா திருத்தினார். அடுத்தடுத்துத் தயாரித்த பொடிகள் அப்படித் தாங்கவில்லையே என்றேன். அரைத்தது போதவில்லை போலிருக்கிறது என்று சொல்லி, மறுபடியும் கல்வத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வாய்மொழித் தேர்வுக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். என் சோதனைகளில் உடன் உழைத்தவர் என்கிற முறையில் தணிகாசலமும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதட்டாத மனிதர், மெதுவாகத்தான் கேட்டார். மூலக் குறிப்பேட்டைக் கொடுங்கள் என்று வாங்கி, ஏழு நாள் பக்கங்களை விரித்து வைத்துக்கொண்டார். வெயில் ஒரு நாள் அடித்ததுபோல மறுநாள் அடிக்காதே அம்மா, இது ஏழு நாளும் ஒரே அச்சாக இருக்கிறதே, நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அவர் என் விவரப் படிவத்தைத் திருப்பினார். அதே தேதிகளில் வெள்ளிமலையில் முகாம் நடத்தியதாக நானே பெருமையாக எழுதியிருந்தேன்.

திரும்பித் தணிகாசலத்தைப் பார்த்தேன். நான்தான் எடுத்தேன், மாடியில் இருந்தேன், என்னைக் கேளுங்கள் என்று எழுந்து சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வாளர் குறிப்பேட்டை மூடினார். பக்கத்தில் இருந்த இன்னொரு பேராசிரியர், என் காதில் விழவேண்டும் என்றே சொன்னார்: "கோட்டாவுல வந்தா இப்படித்தான். உழைச்சுப் பழக்கம் இருக்காது."

மண்டியில் மூட்டை தூக்கியவர் மகள் நான். உழைத்துப் பழக்கம் இல்லையாம். அந்த வார்த்தையை நான் எங்கே கேட்டாலும் தாங்கியிருப்பேன். ஆனால் அந்த அறையில், அவரை வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. ரயிலில் திரும்பும்போது, "விடுங்க மேடம், காலம் வரும்" என்று மட்டும் சொன்னார். என் பதிவை ரத்து செய்துவிட்டார்கள். திரும்ப நான் விண்ணப்பிக்கவில்லை. அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு டைட்ரேஷன் சொல்லிக்கொடுத்தே ஓய்வுபெற்றேன். பொய் எழுதியவள் என்ற பேச்சு ஸ்டாஃப் ரூமில் நான் உள்ளே போனதும் நின்றுபோகும். அவர் வேறு தலைப்பில் பட்டம் வாங்கினார், துறைத் தலைவரானார், முதல்வரும் ஆனார். தீபாவளிக்குத் தவறாமல் என் வீட்டுக்கு வந்து போவார். என் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர் அவர்தான். மனுஷன் இவ்வளவு பாசமாக இருக்கிறாரே என்று நான் நெகிழ்ந்த நாட்கள் உண்டு. இப்போது அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சாவு வீட்டுக்குப் போனேன். பந்தலில் அவருடைய ஊர்க்காரர்கள் அந்த ஏழு நாளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சார் இல்லாவிட்டால் பையன்கள் போலீஸ்மேல் கல்லெறிந்திருப்பார்கள், சார்தான் கட்டுப்படுத்தினார் என்று ஒருவர் சொன்னார். ராத்திரி சாலையிலேயே படுத்தார், பந்தியில் கடைசியாகத்தான் சாப்பிட்டார் என்றார் இன்னொருவர். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஆள்தான் அவர். நான் பெருமாளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

பெருமாள் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "மொத நாளு காலையில டியூப்ப வெச்சாரு மேடம். சாயந்தரம் அவங்க ஊர் ஆளுங்க வந்து கூப்ட்டாங்க, போய்ட்டாரு. தூரத்துல ஹைவேஸ் பக்கம் நின்னுகினு இருந்தாங்க. நாலா நாளு மழையில டியூப்பு ஒடஞ்சி கெடந்துது. நான்தான் கண்ணாடியக் கூட்டி அள்ளுனேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இன்னா மேடம் இப்படிக் கேக்கறீங்க" என்றார் பெருமாள். நிஜமாகவே திகைத்துப் போனார். "உங்களுக்குத் தெரியும்னுதான எல்லாரும் நெனச்சிக்கினு இருந்தோம். நீங்கதான கையெழுத்து போட்டீங்க. சாரக் காப்பாத்தத் தெரிஞ்சேதான் போட்டீங்கன்னு அவங்க ஊர்ல உங்களப் பெருமையாப் பேசுவாங்க."

அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாக ஊருக்கே தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாது. எனக்குத் தெரியாது என்பதும் அவர் ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் எழுதியது என் சோதனையின் குறிப்பேடே இல்லை. தான் சாலையில் இல்லை என்பதற்கு அவர் தனக்கே தயாரித்துக்கொண்ட சாட்சி அது. அவர் நின்ற இடத்தில் வெயில் அடித்திருக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் மழை பெய்ததே தெரியாமல் நான்காம் நாளுக்கும் வெயிலை எழுதிவிட்டார். அந்த அறியாமைக்குத்தான் நான் அத்தியாயம் எழுதினேன்.

தணிகாசலம், இனி உங்களிடம் நேராகவே பேசுகிறேன். நீங்கள் சாலையில் நின்றதில் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் மக்களுக்கு அந்த ஒதுக்கீடு முன்பே இருந்தது. அது இல்லாவிட்டால் நான் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டேன். உங்கள் மக்கள் கேட்டபோது அது ஏன் என்று எனக்குப் புரியாதா? மலையிலிருந்து இறங்கி வந்த அன்றைக்கு, ரோட்டில் நின்றேன் மேடம், வேலை போய்விடும்போல இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதே குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அதே முதல்வர் அறைக்குப் போய் உங்களுக்காகத் தெரிந்தே பொய் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். வேலை முடிந்ததும் அந்த ஏழு பக்கத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, மறு வாரமே புதிதாகக் குழாய் வைத்திருப்போம். நீங்கள் என்னை அந்த அளவுக்கு நம்பவில்லை. உங்கள் பொய்யை என் வாயால் உண்மை என்று சொல்லவைத்தீர்கள். ஒதுக்கீட்டுக்காக ஒரு வாரம் ரோட்டில் படுத்த மனுஷன், என்னைக் கோட்டா என்று சொன்னபோது ஒரு நிமிஷம் எழுந்து நிற்கவில்லை. இதில் எது பெரிய துரோகம் என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

சாவு வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் பெயிண்ட் கடைக்குப் போனேன். அப்போதைய கடைக்காரரின் மகன் இருந்தார், இந்த வயசில் சுண்ணாம்பு அடிக்கப் போகிறீர்களா என்று கேட்டார். ஒயரை உரித்தேன். பொடியைச் சுட்டெடுக்க, துறையில் இப்போது இருக்கும் பிள்ளைகள் உலையை அரை நாள் கொடுத்தார்கள். அரைக்கிற வேலையை முதல்முறையாக நானே செய்தேன், தோள்பட்டை கழன்றுவிட்டது. என் வீட்டு மொட்டை மாடியில் குழாயை வைத்து, குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பொடி கருத்தது, குமிழி வந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் கம்மி. மூன்றாம் நாள் பாதி. நான்காம் நாள் நல்ல வெயில், ஆனாலும் எண்ணிவிடலாம்போல ஒன்றிரண்டு குமிழிதான். ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. செம்பு கரைந்து தண்ணீருக்குப் போய்விடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஐந்து நாளில் சாகிற பொடி. ஏன் சாகிறது, எப்படிப் பிழைக்கவைப்பது என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. அது ஒரு நல்ல ஆய்வேடு. முப்பத்தொரு வயதில் நான் எழுதியிருக்கவேண்டிய ஆய்வேடு. அந்த ஏழு பக்கத்தை நீங்கள் காலியாக விட்டிருந்தால் போதும், எனக்கு அது கிடைத்திருக்கும்.

கஸ்தூரி அம்மா என்னை மன்னிக்கவேண்டும். அவர் நினைவாக நான் எதை வைத்திருக்கிறேன் என்று கேட்டால், அந்தக் குறிப்பேடுதான் என்னிடம் இருக்கிறது. முதல் குமிழி வந்த பக்கம் அப்படியே இருக்கிறது, 'த' என்று அவரும் 'ஜெ' என்று நானும். அதை என் பிள்ளைகளுக்கும் காட்டுவேன். ஏழு நாள் பக்கங்களையும் கிழிக்கவில்லை. அவற்றில் என் இனிஷியல்களை மட்டும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, நான் பார்க்கவில்லை என்று எழுதி இன்றைய தேதி போட்டேன். அதற்கு அடுத்த பக்கத்தில் என் மாடியின் ஐந்து நாள் இருக்கிறது. கடைசி வரியில் ஐந்தாம் நாள், மாலை ஐந்து மணி, நல்ல வெயில், குமிழி இல்லை. எடுத்தவர் கட்டத்தில் 'ஜெ'. பார்த்தவர் கட்டத்தில் எழுத யாரும் இல்லை, காலியாகவே விட்டிருக்கிறேன்.